ஒப்பு மருந்து போலி மருந்தா?

மூன்று ஆண்டுகளுக்கு முன், மழை விட்டிருந்த ஒரு மாலைப் பொழுதில், உப்பளத்தில் துறைமுகச் சாலைப் பக்கம் குடியிருக்கும் ஒரு தாய் பங்குமனைக்கு வந்தார். கையில் ஒரு துணிப்பை. பை நிறைய மருத்துவச் சீட்டுகள். உட்கார்ந்ததும் அவர் சொன்ன முதல் வார்த்தை இதுதான்: "சாமி, பிள்ளைக்கு டூப்ளிகேட் மருந்து போடப் பாக்குறாங்க. வேணாம்னு சொல்லிட்டு வந்துட்டேன்."

அவருடைய மகனுக்கு அப்போது இருபத்திரண்டு வயது. பதினெட்டாம் வயதிலேயே வயிற்றுவலியும் இரத்தம் கலந்த பேதியும் தொடங்கியிருந்தன. வீட்டார் முதலில் மூலம் என்றனர்; பிறகு சீதபேதி என்றனர். சூடு தணிய மோரும் வெந்தயமும் கொடுத்தனர். மூலத்துக்குப் பேர்போன ஒருவரிடம் லேகியம் வாங்கினர். இவ்வாறு இரண்டு ஆண்டுகள் கழிந்தன. பையன் எலும்பும் தோலுமானான். கடைசியில் குடலுக்குள் குழாய் விட்டுப் பார்க்கும் சோதனை நடந்தபோதுதான் 'கிரோன்ஸ் நோய்' என்ற பெயரை அந்தக் குடும்பம் முதன்முதலாகக் கேட்டது.

மாத்திரைகள் போதாமற்போகவே, பெரிய மருத்துவமனை ஒன்றில், இரத்தக் குழாய் வழியே சொட்டுச் சொட்டாக ஏற்றும் மருந்தைத் தொடங்கினர். நகையை அடகு வைத்து மூன்று முறை ஏற்றினார்கள். நோய் தணிந்தது, பிள்ளை வயிறார உண்டான். நான்காம் முறைக்குப் பணம் இல்லை என்றபோது, "இதே மருந்துக்குப் பயோசிமிலர் இருக்கிறது, விலை குறைவு, அதையே போடலாம்" என்று டாக்டர் சொன்னார். 'சிமிலர்' என்ற சொல் தாயின் காதில் 'டூப்ளிகேட்' என்று விழுந்தது. மருந்துக்கடை வாசலில் நின்ற எவரோ ஒருவர், "காப்பி மருந்து போட்டால் குடல் ஓட்டையாகிவிடும்" என்று வேறு சொல்லிவைத்தார். நான்காம் முறை மருந்து ஏறவே இல்லை.

அன்று அந்தத் தாய்க்கு விடை கூற எனக்குத் தெரியவில்லை. குருமடத்தில் தத்துவமும் இறையியலும் கற்றோம். குடலின் இயல்பைக் கற்கவில்லை. ஆறுதல் சொல்லி அனுப்பிவிட்டேன். அந்த ஆறுதல் போதவில்லை என்பது எட்டு மாதங்களுக்குப் பின் புலனாயிற்று. அதைப் பிறகு சொல்கிறேன். அதன்பின் மருத்துவ நண்பர்களைக் கேட்டும், படித்தும் நான் அறிந்துகொண்டவற்றையே நம் வாசகக் குடும்பங்களுக்கு இங்கு எழுதுகிறேன். இந்த நோய் நுழைந்துள்ள இல்லங்கள் நம் பங்குகளில் ஒன்றிரண்டு மட்டுமல்ல. வெளியில் சொல்லக் கூசி மறைத்து வைத்திருப்பதால் நமக்குத் தெரிவதில்லை.

தன் உடலே தனக்குப் பகை

குடலைப் பற்றும் இந்தத் தீராத அழற்சி இரு வகைப்படும். மலக்குடலில் தொடங்கிப் பெருங்குடலின் உட்தோல் வழியே மேல்நோக்கிப் பரவிப் புண்ணாக்குவது ஒன்று. அதனை அல்சரேட்டிவ் கொலைட்டிஸ் என்பர். வாய் முதல் ஆசனவாய் வரை எங்கும் தோன்றக்கூடியதும், பெரும்பாலும் சிறுகுடல் முடிந்து பெருங்குடல் தொடங்கும் இடத்தைப் பற்றுவதும், குடற்சுவரை முழுமையாக ஊடுருவுவதும் மற்றொன்று. அதுவே கிரோன்ஸ் நோய். 1932ஆம் ஆண்டில் நியூயார்க்கின் மவுண்ட் சினாய் மருத்துவமனையைச் சார்ந்த கிரோன், கின்ஸ்பர்க், ஓப்பன்ஹைமர் என்னும் மூவர் 14 நோயாளரைக் குறித்து எழுதிய கட்டுரையால் அது தனி நோயாக அறியப்பட்டது. ஆங்கில அகர வரிசையில் முன்னே நின்றதால் கிரோன் பெயர் நிலைத்தது. மற்ற இருவரையும் உலகம் மறந்துவிட்டது.

இஃது ஒட்டுவாரொட்டி அன்று. ஒரே தட்டில் உண்பதால் வராது. யார் செய்த பாவத்தின் பலனும் அன்று. நம் உடலைக் காக்க வேண்டிய நோய் எதிர்ப்புப் படை, எதிரி இல்லாத வேளையிலும் குடலுக்குள் போர் தொடுத்து ஓயாதிருப்பதே இதன் அடிப்படை. ஏன் அவ்வாறு தொடுக்கிறது என்பதற்கு மரபு, குடலில் வாழும் நுண்ணுயிர்கள், உணவு எனப் பல காரணங்கள் கூறப்படுகின்றன. பெரும்பாலும் பதினைந்து முதல் முப்பத்தைந்து வயதுக்குள், அதாவது படிக்கும் வயதிலும், வேலை தேடும் வயதிலும், பெண் பார்க்கும் வயதிலும் வருவதுதான் இதன் கொடுமை. ஒரு நாளில் பத்து முறை கழிப்பறைக்கு ஓட வேண்டிய இளைஞன் பேருந்தில் ஏறவே அஞ்சுகிறான். தேர்வுக் கூடத்துக்குப் போக அஞ்சுகிறான். ஞாயிறு பூசையில் கடைசி வரிசையில், வாயிலை ஒட்டி நிற்கும் எல்லாரும் பக்திக் குறைவால் அங்கு நிற்பவர்கள் அல்லர் என்பதை நானே தாமதமாகத்தான் அறிந்தேன்.

இதற்கு மருந்துகள் படிப்படியாக உள்ளன. மெசலமின் போன்ற மாத்திரைகள் முதற்படி. நோய் சீறும்போது ஸ்டீராய்டு. பின்னர் அசதயோபிரின் போன்றவை. பலருக்கு இவையே போதும். இவற்றுக்கு அடங்காதவர்களுக்குத்தான் இக்கட்டுரையின் பொருளான உயிரியல் மருந்துகள் தேவைப்படுகின்றன.

கன்னியர் மறைத்து வைத்த சிறுவன்

இம்மருந்துகளுள் முதலாவது இன்ஃபிளிக்சிமாப். அது பிறந்த கதையில் நம் வாசகர்கள் அறிய வேண்டிய ஒருவர் இருக்கிறார். 1933இல் பிராட்டிஸ்லாவா நகரில் ஒரு யூதக் குடும்பத்தில் பிறந்த யான் வில்ச்செக் என்பவரே அவர். இரண்டாம் உலகப் போரின்போது, 1942இல், மகனை வதைமுகாமுக்கு இழுத்துச் செல்லாதிருக்கும் பொருட்டு, கத்தோலிக்கக் கன்னியர் நடத்திய ஓர் அநாதை இல்லத்தில் பெற்றோர் அவரை ஒப்படைத்தனர். போர் முடியும் தறுவாயில் தாயும் மகனும் ஒரு மலைக் கிராமத்தில் ஒளிந்து உயிர் பிழைத்தனர். அந்தச் சிறுவன் வளர்ந்து மருத்துவரானார். 1964இல் தம் மனைவியுடன் நாட்டைவிட்டுத் தப்பி, மறு ஆண்டு நியூயார்க் பல்கலைக்கழகத்தில் ஆராய்ச்சியில் அமர்ந்தார்.

உடலில் அழற்சியை மூட்டிவிடும் தூதுவர்களுள் டி.என்.எஃப். என்னும் புரதம் ஒன்று. போர்முரசு அறைபவன் போன்றது அது. முரசறைபவன் கையைப் பிடித்துக்கொண்டால் படை ஓயும் அல்லவா? அவ்வாறு அந்தப் புரதத்தை மட்டும் தேடிப் பிடித்துக்கொள்ளும் ஓர் எதிர்ப்பொருளை வில்ச்செக்கும் அவருடைய துணைவர் ஜுன்மிங் லேயும் 1989இல் எலியின் உயிரணுக்களைக் கொண்டு உருவாக்கினர். சென்டோகார் என்ற நிறுவனத்து அறிஞர்கள் அதை மனித உடலுக்கு ஏற்றவாறு மாற்றியமைத்தனர். முதலில் நச்சுக் காய்ச்சலுக்கே அதைப் பயன்படுத்த எண்ணினர், அது பலிக்கவில்லை. பிறகு ஆம்ஸ்டர்டாம் நகர மருத்துவர்கள், வேறு எதற்கும் அடங்காத கிரோன்ஸ் நோயால் வாடிய ஒரு சிறுமிக்குக் கொடுத்துப் பார்த்தனர், அவள் தேறினாள், 1993இல் அச்செய்தி வெளியாயிற்று. 1997இல் வெளியான ஓர் ஆய்வில், உடல் எடையில் கிலோவுக்கு 5 மில்லிகிராம் வீதம் மருந்து பெற்றவர்களில் 100க்கு 81 பேர் நான்கு வாரங்களில் நலம் கண்டனர். வெறும் நீர் பெற்றவர்களில் 100க்கு 17 பேரே. 1998இல் அமெரிக்க அரசு இசைவளிக்க, ரெமிகேட் என்ற பெயரில் அது விற்பனைக்கு வந்தது. அதனால் தமக்குக் கிடைத்த உரிமைத் தொகையிலிருந்து 10 கோடி டாலருக்கும் மேற்பட்ட கொடையை வில்ச்செக் 2005இல் தம் பல்கலைக்கழக மருத்துவப் பள்ளிக்கு அளித்தார்.

அதன்பின் தோலுக்கு அடியில் தானே குத்திக்கொள்ளக்கூடிய அடலிமுமாப் வந்தது. ஹ்யூமிரா என்பது அதன் வணிகப் பெயர். 'மாப்' என்று முடியும் பெயரைச் சீட்டில் கண்டால் அது பெரும்பாலும் இவ்வினத்து மருந்தே என்று கொள்ளலாம்.

மருந்து வந்தது, ஆனால் எட்டாக் கனியாக வந்தது. ஐம்பது கிலோ எடையுள்ள ஒருவருக்கு ஒரு முறைக்கு 250 மில்லிகிராம் வேண்டும். 100 மில்லிகிராம் குப்பியில் வருவதால் மூன்று குப்பிகள் உடைக்க வேண்டும். முதல் நாள், இரண்டாம் வாரம், ஆறாம் வாரம், பின்னர் எட்டு வாரத்துக்கு ஒரு முறை எனக் கணக்கிட்டால் முதலாண்டில் மட்டும் எட்டு முறை, 24 குப்பிகள். நோய் தணிந்தாலும் நிறுத்துவதற்கில்லை. அசல் மருந்தின் விலையில் இதைத் தொடர்ந்து வாங்கக்கூடிய குடும்பங்கள் நம் பங்குகளில் எத்தனை?

உப்பும் தயிரும்

பயோசிமிலர் என்பதை ஒப்பு மருந்து என்று தமிழில் கூறலாம். அசல் மருந்தின் காப்புரிமைக் காலம் முடிந்தபின், அல்லது காப்புரிமை செல்லாத நாட்டில், மற்றொரு நிறுவனம் அதே மருந்தைத் தானும் உருவாக்குவது இது. 'அப்படியானால் காய்ச்சல் மாத்திரையைப் பல கம்பெனிகள் செய்வது போலத்தானே?' என்று கேட்கலாம். முழுவதும் அப்படி அன்று. இங்குதான் குழப்பமும் அச்சமும் பிறக்கின்றன.

நம் ஊரின் பெயரே உப்பு விளையும் களத்தைக் குறிப்பது. மரக்காணத்தில் விளைந்தாலும் தூத்துக்குடியில் விளைந்தாலும் உப்பு உப்புத்தான். தூய்மை செய்துவிட்டால் ஒன்றுக்கொன்று அணுவளவும் வேற்றுமை இல்லை. பாராசிட்டமால் அத்தகையது. அதன் மூலக்கூறு ஒன்றில் இருப்பவை 20 அணுக்களே. யார் செய்தாலும் அதே இருபதையும் அதே ஒழுங்கில் அடுக்க முடியும். அதனால்தான் மலிவான ஜெனரிக் மாத்திரை விலையுயர்ந்த மாத்திரைக்குச் சரிசமமாக நிற்கிறது.

இன்ஃபிளிக்சிமாப் உப்பு அன்று, அது தயிர். அதன் மூலக்கூறு ஒன்றில் இருபதாயிரத்துக்கு மேற்பட்ட அணுக்கள் உள்ளன. ஆலைக் கொப்பரையில் அதைக் காய்ச்ச முடியாது. உயிருள்ள அணுக்களை வளர்த்து, அவற்றைக் கொண்டே சுரக்கச் செய்ய வேண்டும். பக்கத்து வீட்டு அம்மாளிடம் உறை வாங்கி, அதே பால்காரரின் பாலில் ஊற்றினாலும், நம் வீட்டுத் தயிர் அவர் வீட்டுத் தயிர் போலவே இருக்குமா? ஏறக்குறைய இருக்கும். ஆதலால்தான் 'அதே மருந்து' என்று சொல்லாமல் 'ஒத்த மருந்து' என்று சொல்கிறார்கள். அந்தச் சொல்லில் இருப்பது நேர்மை. அதைத்தான் நாம் குறையென்று எடுத்துக்கொள்கிறோம்.

இன்னொன்றும் நினைவிற்கொள்ள வேண்டும். அந்த அம்மாள் வீட்டுத் தயிரே நேற்று இருந்ததுபோல இன்று இருப்பதில்லை. அசல் ரெமிகேட்டும் அவ்வாறே. இசைவு பெற்ற நாள் தொட்டு அதன் செய்முறையில் முப்பதுக்கும் மேற்பட்ட மாற்றங்கள் நிகழ்ந்துள்ளன. ஒவ்வொரு முறையும் முன்னதோடு ஒத்திருக்கிறதா என்று சோதித்தே விற்க இசைந்தனர். அசலும் தன் பழைய அசலுக்கு ஒப்பு மருந்தே எனலாம்.

போலி மருந்து என்பது வேறு. அது உரிமமின்றி, பிறர் பெயரைத் திருடி, உள்ளே என்ன இருக்கிறதென்று எவரும் அறியாமல் விற்கப்படுவது, குற்றம். ஒப்பு மருந்தோ தன் சொந்தப் பெயரிலேயே, அரசின் இசைவோடு, தன் ஆய்வு முடிவுகளைக் காட்டி விற்கப்படுவது. இரண்டையும் ஒரே சொல்லால் அழைப்பது அநீதி.

அமெரிக்காவுக்கு முன் அகமதாபாத்

ஐரோப்பாவில் இன்ஃபிளிக்சிமாப்பின் முதல் ஒப்பு மருந்துக்கு 2013 செப்டம்பரில் இசைவு கிடைத்தது. கொரிய நாட்டு நிறுவனமொன்று செய்தது அது. நம் நாட்டில் 2014இல் இன்ஃபிமாப் என்னும் பெயரில் ஓர் ஒப்பு மருந்து இசைவு பெற்றது. அதே ஆண்டு டிசம்பரில் அகமதாபாத்தின் சைடஸ் கெடிலா நிறுவனம் எக்ஸெம்ப்டியா என்ற பெயரில் அடலிமுமாப்பை வெளியிட்டது. உலகிலேயே அம்மருந்தின் முதல் ஒப்பு மருந்து அதுதான். அமெரிக்காவில் ஏறத்தாழ 1,000 டாலருக்கு விற்ற ஊசியை இங்கு 200 டாலர் அளவில் தருவதாக அந்நிறுவனம் அன்று அறிவித்தது. 2016இல் டோரண்ட் நிறுவனமும் அட்ஃப்ரார் என்ற பெயரில் வெளியிட, மேலும் சிலர் தொடர்ந்தனர். அமெரிக்க மக்களுக்கோ, காப்புரிமை வழக்குகளால், அடலிமுமாப்பின் ஒப்பு மருந்து 2023 ஜனவரியில்தான் கடைக்கு வந்தது. செல்வ நாட்டினர் எட்டு ஆண்டுகள் காத்திருந்ததை நம்மவர் முன்னரே பெற்றனர் என்பதை நம் தாய்மார்கள் அறியார்.

நம் நாட்டு ஏற்பாட்டில் குறையே இல்லை என்று சொல்ல வரவில்லை. ஒப்பு மருந்துகளுக்கென மத்திய அரசு தனி நெறிமுறை வகுத்தது 2012இல்தான். அதைச் செம்மை செய்தது 2016இல். ஹைதராபாத்தின் டாக்டர் ரெட்டீஸ் நிறுவனம் ரிடக்ஸ் என்னும் ஒப்பு மருந்தை 2007லேயே விற்கத் தொடங்கியிருந்தது என்பதை எண்ணினால், மருந்து முன்னே போக, விதி பின்னே வந்தது என்பது தெரியும். எக்ஸெம்ப்டியாவை அசலோடு ஒப்பிட்டு நம் நாட்டில் நடத்திய ஆய்வு 120 மூட்டுவாத நோயாளரிடம் நடந்தது. குடல் நோயாளரிடம் அன்று. ஒரு நோயில் ஒத்திருந்தால் அதே வழியில் வேலை செய்யும் பிற நோய்களிலும் ஒத்திருக்கும் என்று கொள்வது உலகெங்கும் உள்ள முறையே. ஆயினும் விற்பனைக்கு வந்தபின் மேலும் 200 நோயாளரையேனும் கவனித்து அறிக்கை தரவேண்டும் என்ற 2016ஆம் ஆண்டின் விதியை நான் மிகவும் வரவேற்கிறேன். மலிவு என்பது கண்காணிப்புக்கு விலக்கு ஆகாது.

நார்வே அரசு நடத்திய சோதனை

அசல் மருந்தில் நலமாக இருப்பவரை ஒப்பு மருந்துக்கு மாற்றலாமா? மாற்றினால் நோய் திரும்புமா? உப்பளத்துத் தாயின் கேள்வியும் இதுதான். நார்வே நாட்டு அரசே செலவு செய்து இதைச் சோதித்தது. மருந்துக் கம்பெனியின் பணம் இல்லாத ஆய்வு என்பதால் இதற்கு மதிப்பு மிகுதி. ரெமிகேட் பெற்று நலமாயிருந்த 482 பேரை எடுத்துக்கொண்டு, பாதிப் பேருக்கு அசலையே தொடர்ந்தனர். பாதிப் பேருக்கு ஒப்பு மருந்து. எவருக்கு எது என்பது நோயாளருக்கும் தெரியாது, மருத்துவருக்கும் தெரியாது. ஓராண்டு முடிவில் அசல் பெற்றோரில் 100க்கு 26 பேருக்கும், ஒப்பு மருந்து பெற்றோரில் 100க்கு 30 பேருக்கும் நோய் மோசமாகியிருந்தது. முன்கூட்டி வகுத்த எல்லைக்குள் இவ்வேறுபாடு அடங்கியதால், ஒப்பு மருந்து தாழ்ந்ததன்று என்று 2017இல் அறிவித்தனர்.

ஒன்றை மறைக்கக் கூடாது. மூட்டு, தோல், குடல் என ஆறு நோயினர் அந்த ஆய்வில் இருந்தனர். அவர்களுள் கிரோன்ஸ் நோயாளரை மட்டும் தனியே பிரித்துப் பார்த்தபோது, அசலில் 100க்கு 21, ஒப்பு மருந்தில் 100க்கு 37 என்று வேறுபாடு சற்று விரிந்தது. அவர்கள் எண்ணிக்கையில் சிலரே ஆதலால் இது தற்செயலா அன்றா என்று சொல்ல இயலவில்லை. உலகெங்கும் குடல் மருத்துவர்கள் சிலர் இதைக் காட்டித் தயங்கினார்கள். அந்தத் தயக்கம் நியாயமானதே. பின்னர் கிரோன்ஸ் நோயாளர் 220 பேரை மட்டுமே கொண்டு நடந்த ஆய்வு 2019இல் வெளியாயிற்று. ஆறாம் வாரத்தில் ஒப்பு மருந்தால் நலம் கண்டவர் 100க்கு 69. அசலால் நலம் கண்டவர் 100க்கு 74. கணக்கியல்படி இரண்டும் நிகர். ஓராண்டு தொடர்ந்து பார்த்தும், இடையில் ஒன்றிலிருந்து மற்றொன்றுக்கு மாற்றிப் பார்த்தும் பெரிய வேறுபாடு தோன்றவில்லை. இதன்பின் அந்தத் தயக்கம் பெரிதும் நீங்கிவிட்டது.

நம் உப்பளத்தில் சொல்தா குடும்பங்கள் பல. "பிரான்சில் அசல்தானே போடுவார்கள்?" என்று அவர்களுள் ஒருவர் என்னைக் கேட்டார். முழுச் செலவையும் அரசுக் காப்பீடு ஏற்கும் நீண்டகால நோய்களின் பட்டியல் ஒன்று பிரான்சில் உண்டு. அதில் 24ஆம் எண் இந்தக் குடல் நோய்கள்தான். பணத்துக்கு அஞ்ச வேண்டாத அந்த நாட்டு மருத்துவமனைகளிலும் 2015 முதல் ஒப்பு மருந்து ஏறிக்கொண்டுதான் இருக்கிறது.

எட்டு மாதம் கழித்து

இனி அந்தப் பையனின் கதைக்கு வருகிறேன். மருந்தை நிறுத்தி எட்டு மாதமானபோது, குடலில் சீழ்க்கட்டியும் காய்ச்சலுமாய் அவனை மருத்துவமனையில் சேர்த்தார்கள். நற்கருணை கொண்டுபோன நான் அவனை அடையாளம் காணச் சிரமப்பட்டேன். கட்டி தணிந்தபின், வேறு வழியின்றித் தாய் சம்மதிக்க, ஒப்பு மருந்தை ஏற்றினார்கள். முதல் முறை ஒன்றும் நேரவில்லை. இரண்டாம் முறை சொட்டு இறங்கத் தொடங்கிய சில நிமிடங்களில் முகம் சிவந்து, மூச்சு முட்டி, உடல் முழுதும் தடித்தது. உடனே நிறுத்திக் காப்பாற்றினர். "நான் அன்னைக்கே சொன்னேனே சாமி, டூப்ளிகேட்டுன்னு" என்று அந்தத் தாய் என் கையைப் பிடித்துக்கொண்டு அழுதார். எனக்கும் அவ்வாறே தோன்றியது என்பதை ஒப்புக்கொள்ள வேண்டும்.

இரத்தத்தைச் சோதித்த மருத்துவர் பிறகு விளக்கினார். இம்மருந்து ஒரு புரதம். ஒழுங்காகத் தொடர்ந்து வந்தால் உடல் அதைப் பொறுத்துக்கொள்ளப் பழகுகிறது. கொடுத்து, நெடுநாள் நிறுத்தி, மறுபடி கொடுத்தால், அந்நியன் நுழைந்தான் என்று உடல் அதற்கே எதிர்ப்பொருள் உண்டாக்கிக்கொள்கிறது. அந்தப் பையனின் இரத்தத்தில் அத்தகைய எதிர்ப்பொருள் மிகுதியாக இருந்தது. அந்நிலையில் அசலை ஏற்றியிருந்தாலும் இதே விபத்துதான் நேர்ந்திருக்கும்; ஏனெனில் அசலை எதிர்க்கும் எதிர்ப்பொருள் ஒப்பு மருந்தையும் எதிர்க்கும், ஒப்பு மருந்தை எதிர்ப்பது அசலையும் எதிர்க்கும். இரண்டும் அவ்வளவு நெருங்கியவை. பையனைக் கெடுத்தது மருந்தின் பிறப்பு அன்று. இடையில் விழுந்த எட்டு மாதம்.

ஆகவே நகையை அடகு வைத்து அசலை மூன்று முறை ஏற்றிவிட்டு நிற்பதைவிட, மூன்று ஆண்டு தொடரக்கூடிய ஒப்பு மருந்தைத் தொடக்கத்திலேயே தேர்ந்துகொள்வது நன்று என்பது என் துணிபு. முதல் ஊசிக்கு முன்னரே, "ஓராண்டுக்கு எவ்வளவு ஆகும்? எங்களால் இவ்வளவுதான் முடியும்" என்று மருத்துவரிடம் மனம் திறந்து சொல்லிவிட வேண்டும். வறுமையைச் சொல்ல வெட்கப்பட்டுப் பாதியில் நின்றவர்களையே நான் மிகுதியாகக் கண்டிருக்கிறேன். எல்லா நோயாளருக்கும் இந்த ஊசிதான் என்றும் இல்லை. சிலருக்கு டோஃபாசிட்டினிப் போன்ற மாத்திரை பொருந்தலாம். அது உப்பு வகை. ஜெனரிக்காகவே நம் நாட்டில் கிடைக்கிறது. எது யாருக்கு என்பது மருத்துவர் முடிவு.

அச்சத்துக்கும் ஆற்றல் உண்டு. ஒப்பு மருந்துக்கு மாற்றப்பட்டோம் என்று தெரிந்தவுடனே வலி, சோர்வு என்று சொல்லி நிறுத்திவிடுபவர்கள் மேல்நாடுகளிலும் உண்டு; அவர்களுள் பலருடைய சோதனைகளில் நோய் சற்றும் கூடியிருப்பதில்லை. இதை மருத்துவர்கள் 'நொசீபோ' என்கிறார்கள். வெறும் மாத்திரை தந்தாலும் நம்பிக்கையால் நலம் தோன்றுவது 'பிளசீபோ'. இலத்தீன் கற்ற மூத்த குருக்கள் இச்சொல்லைக் கேட்டால் புன்னகை செய்வார்கள். இறந்தோருக்கான பழைய மாலைச் செபம் தொடங்கும் முதற்சொல் அது. கூலிக்கு அழ வந்து அதைப் பாடியவர்களைப் பரிகசிக்கப் பிறந்த வழக்கு, சுற்றிச் சுற்றி மருந்துக்கடைக்குள் நுழைந்துவிட்டது.

காசநோயை மறவாதீர்

மேல்நாட்டுக் கட்டுரைகள் இரண்டு வரியில் கடந்து செல்வதும், நம் நாட்டில் மிக முதன்மையானதும் காசநோய். காசக் கிருமியைக் கட்டிப்போட்டு வைத்திருக்கும் காவலில் டி.என்.எஃப். புரதத்துக்கும் பங்குண்டு. அதன் கையைப் பிடித்துவிட்டால், உடலில் உறங்கிக்கிடந்த காசநோய் விழித்துக்கொள்ளலாம். ரெமிகேட் வந்த மூன்றாம் ஆண்டிலேயே, 2001இல், இவ்வாறு காசநோய் கண்ட 70 பேரைப் பற்றி அறிக்கை வந்துவிட்டது. அசலானாலும் ஒப்பு மருந்தானாலும் இந்த ஆபத்து ஒன்றுதான். எனவே தொடங்குமுன் மார்புப் படம், கையில் ஊசி போட்டுப் பார்க்கும் மாண்டூ சோதனை அல்லது இரத்தச் சோதனை, மஞ்சட்காமாலை பி வகைக் கிருமிக்கான சோதனை ஆகியவற்றை மருத்துவர் கேட்பார். 'எதற்கு இத்தனை செலவு' என்று முணுமுணுக்க வேண்டாம். உறங்கும் காசநோய் தெரிந்தால், முதலில் அதற்கு மருந்து தொடங்கி, ஏறத்தாழ ஒரு மாதம் கழித்தே ஊசியைத் தொடங்குவார்கள். வீட்டில் எவருக்கேனும் முன்பு காசநோய் வந்திருந்தால் அதை மறைக்காமல் சொல்ல வேண்டும்.

வேறொரு சிக்கலும் உண்டு. குடலில் வரும் காசநோயும் கிரோன்ஸ் நோயும் பார்வைக்கு இரட்டைப் பிள்ளைகள். குழாய் வழியே பார்த்தும், சதை எடுத்துச் சோதித்தும் சில வேளை பிரித்தறிய முடிவதில்லை. அதனால் முதலில் சில மாதம் காசநோய் மருந்து கொடுத்துப் பார்ப்பதும் உண்டு. 'டாக்டருக்கே ஒன்றும் தெரியவில்லை' என்று அப்போது வைத்தியரை மாற்றிக்கொண்டே போகாதீர்கள்.

வீட்டில் செய்ய வேண்டியவை சில. இந்த ஊசிகளைக் குளிர்ப்பெட்டியில் 2 முதல் 8 பாகை வெப்பத்தில் வைக்க வேண்டும். பனிக்கட்டி வைக்கும் மேலறையில் வைத்து உறையவிட்டால் கெட்டது. சென்னையிலிருந்து பேருந்தில் கொண்டுவருவோர் ஐஸ் பெட்டி இன்றி வரலாகாது. மே மாதத்தில் கிழக்குக் கடற்கரைச் சாலை எப்படிக் காயும் என்று சொல்ல வேண்டுமா? ரசீது இல்லாமல் வாங்கக் கூடாது. பெட்டியில் உள்ள வணிகப் பெயரையும் தொகுதி எண்ணையும் ஒவ்வொரு முறையும் எழுதி வைக்க வேண்டும்; ஒப்பு மருந்துகள் பல இருப்பதால், தீங்கு ஏதேனும் நேர்ந்தால் எதனால் என்று அறிய அதுவே வழி. அத்தகைய தீங்கைத் தெரிவிக்க மத்திய அரசு வைத்துள்ள கட்டணமில்லாத் தொலைபேசி 1800 180 3024. ஒன்றிலிருந்து மற்றொன்றுக்குக் கடைக்காரர் தாமாக மாற்றித் தருவதை ஏற்க வேண்டாம். மாற்றுவது மருத்துவர் கையெழுத்தோடு நடக்கட்டும். காய்ச்சலோ, நீங்காத இருமலோ இருந்தால் அடுத்த ஊசிக்கு முன் சொல்லிவிட வேண்டும்.

நோன்பைப் பற்றியும் சிலர் கேட்கிறார்கள். தவக்கால ஒருசந்தி நோயாளியைக் கட்டுப்படுத்தாது. வேளாங்கண்ணிக்கு நடப்பதாக நேர்ந்துகொண்டு, 'மாதா பார்த்துக்கொள்வாள்' என்று ஊசியைத் தள்ளிப்போட்ட ஒருவரை அறிவேன். நேர்ச்சையைத் தக்க காரணத்துக்காக மாற்றித்தரப் பங்குக் குருவிடம் கேளுங்கள். ஊசி நாளை மாற்றாதீர்கள். பெண்பிள்ளைகளுக்கு இந்நோய் இருந்தால் திருமணப் பேச்சில் மறைப்பதும் வேண்டாம். நோய் அடங்கிய நிலையில் மணமும் மகப்பேறும் இயல்வனவே. மணமானபின் மறைத்துவைத்து மருந்தை விடுவதுதான் பேராபத்து.

அந்தப் பையனுக்கு இப்போது அடலிமுமாப் போடுகிறார்கள். அதுவும் ஒப்பு மருந்துதான். இரண்டு வாரத்துக்கு ஓர் ஊசி, தாயே போட்டுவிடுகிறார். குடலில் சிறு சுருக்கம் ஒன்று இருக்கிறது. என்றேனும் அறுவை செய்ய நேரலாம் என்று மருத்துவர் சொல்லியிருக்கிறார். ஆனால் பையன் வேலைக்குப் போகிறான், பேருந்தில் போகிறான். சென்ற வாரம் அவ்வீட்டுக்குப் போனபோது, தாய் ஒரு பழைய பால் கணக்கு நோட்டைக் கொண்டுவந்து காட்டினார். ஒவ்வொரு பெட்டியின் முகப்பையும் தொகுதி எண்ணோடு கத்தரித்து, தேதி எழுதி, சோற்றுப் பருக்கையால் ஒட்டி வைத்திருக்கிறார். ஐம்பத்தெட்டாவது சீட்டு அன்று காலையில்தான் ஒட்டப்பட்டிருந்தது; பசை இன்னும் காயவில்லை.